இருதயக் கதவு எதனால் ஆனது?

சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நான்கு பக்க நீளமுடையது. கடற்கரையோர ஊர் ஒன்றிலிருந்து முப்பத்து நான்கு வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், சுருங்கிப்போயிருந்த அவருடைய இருதய வால்வைப் பலூன் மூலம் விரித்துவிட்டார்களாம். இப்போது மீண்டும் மூச்சிரைப்பு. மாடிப்படி ஏற முடியவில்லை. இரவில் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தால்தான் உறக்கம் வருகிறது. இனி வால்வையே மாற்றிவிட வேண்டும் என்று டாக்டர் கூறிவிட்டார்.

அதன் பிறகுதான் வீட்டில் குழப்பம். "பன்றியின் வால்வை வைத்துவிடுவார்கள், அப்புறம் உன் தொழுகை என்னாவது?" என்கிறார் மாமி. சஃபரில் இருக்கும் கணவரோ, "இரும்பு வால்வு வைத்தால் ஆயுள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டுமாம். மாத்திரை வேண்டாத வால்வாக வைக்கச் சொல், பணம் அனுப்புகிறேன்" என்று தொலைபேசியில் சொல்கிறார். கடிதத்தின் கடைசியில், சற்றே சிறிய எழுத்தில், "எங்களுக்கு ஒரே ஒரு பெண்பிள்ளைதான். பத்து வயதாகிறது. இன்னொரு குழந்தைக்கு ஆசைப்படலாமா, டாக்டர்?" என்று சேர்த்திருக்கிறார் அச்சகோதரி.

இவை யாவும் அறுவைக் கூடத்துக்குள் செல்லுமுன் பேசித் தீர்க்க வேண்டிய கேள்விகள். நெஞ்சை மூடித் தைத்த பின் பேசிப் பயனில்லை. ஆகவே இம்மாதம் இப்பகுதி முழுவதையும் அக்கடிதத்துக்கே ஒதுக்குகிறேன்.

நம் இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் நான்கு வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரத்தத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிட்டு, திரும்பி வராமல் தடுக்கும் கதவுகள் இவை. நுரையீரலிலிருந்து சுத்தமாகி வரும் இரத்தம் இடது மேலறையிலிருந்து இடது கீழறைக்கு இறங்கும் வாசலில் உள்ளது மைட்ரல் வால்வு. அங்கிருந்து உடல் முழுதும் செல்லும் பெருங்குழாயின் வாயிலில் உள்ளது அயோர்ட்டிக் வால்வு. இச்சகோதரிக்குப் பழுதுபட்டிருப்பது மைட்ரல் வால்வு. அக்கதவு சரியாகத் திறவாததால் இரத்தம் பின்னுக்குத் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கிறது. மூன்று தலையணைகளின் காரணம் அதுவே.

இந்நோய் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சிறு வயதில் வந்த தொண்டைப் புண்ணிலிருந்து. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டை புண்ணாகிச் சில வாரங்களுக்குப் பின், மூட்டுகள் வீங்கி, காய்ச்சல் வரும். இதுவே ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் தானே வடிந்துவிடும். வால்வில் விழுந்த தழும்போ தங்கிவிடும். பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, பெரும்பாலும் பெண்களுக்கு, முதற்கர்ப்பத்தின்போதோ அதன் பின்னரோ மூச்சிரைப்பாக வெளிப்படும். செல்வ நாடுகளில் இந்நோய் அநேகமாக மறைந்துவிட்டது. நெருக்கமான வீடுகளில் வாழும் ஏழை மக்களிடம் இன்னும் மறையவில்லை.

வால்வை மாற்றுவதற்கு முன், அதனையே செப்பனிட முடியுமா என்று கேட்பது முதற்கேள்வியாக இருக்க வேண்டும். 1982இல் ஜப்பானிய அறுவை நிபுணர் கான்ஜி இனோவே, தொடை இரத்தக்குழாய் வழியே பலூனைச் செலுத்திச் சுருங்கிய மைட்ரல் வால்வை விரிக்கும் முறையைத் தொடங்கினார். நெஞ்சைத் திறவாமல் செய்யப்படும் அச்சிகிச்சையே இச்சகோதரிக்கு முன்பு செய்யப்பட்டது. பிரான்ஸ் நாட்டின் அலென் கார்பென்டியர் வால்வைத் தைத்தும் வளையமிட்டும் சீர்படுத்தும் முறைகளை வகுத்தார். சொந்த வால்வைக் காப்பாற்ற முடிந்தால் அதற்கு ஈடு வேறில்லை. எனினும் சுண்ணாம்பு படிந்து, கட்டையாகி, சுருக்கமும் கசிவும் ஒருங்கே உள்ள வால்வைச் செப்பனிடுவது பல வேளைகளில் இயலாது. டாக்டர் மாற்றச் சொல்வதற்கு இதுவே காரணமாயிருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்க.

இனி மாற்று வால்வுகளைப் பார்ப்போம். இவை இரு வகை: செயற்கைப் பொருளால் ஆனவை, உயிரினத் திசுவால் ஆனவை.

முதல் வகையில், 1960இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை நிபுணரும், லோவல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியியலாளரும் சேர்ந்து, கூண்டுக்குள் பந்து ஏறி இறங்கும் வால்வொன்றை உருவாக்கிப் பொருத்தினர். பிறகு சாய்ந்து திறக்கும் ஒற்றைத் தட்டு வால்வு வந்தது. 1977 முதல், இருபுறமும் திறக்கும் இரட்டை இலை வால்வு வந்தது. "இரும்பு வால்வு" என்று நாம் சொன்னாலும் இன்றைய வால்வுகளில் இரும்பு இல்லை. இரட்டை இலை வால்வு மிக உறுதியான ஒருவகைக் கரியால் ஆனது.

இங்கே நம் அண்டை மாநிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் இந்திய வால்வு ஒன்றை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைத்தனர். முதல் மூன்று மாதிரிகள் சோதனையில் தோற்றன. நான்காவது தேறியது. உலோகக் கலவைச் சட்டத்துக்குள் உறுதியான பிளாஸ்டிக் தட்டு அசையும் அவ்வால்வு, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னை டி.டி.கே. நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்கு வந்து, வெளிநாட்டு வால்வுகளைவிடக் குறைந்த விலையில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சங்களில் அது இயங்கியிருக்கிறது. வலியத்தான் 2024இல் காலமானார். வெளிநாட்டு வால்வு என்றால்தான் மேலானது என்று நினைத்துக் கடன் வாங்கும் குடும்பங்களைக் கண்டிருப்பதால் இதனைச் சொல்லத் தோன்றியது.

இரண்டாம் வகை, பன்றியின் வால்வைப் பதப்படுத்தியோ, மாட்டின் இருதயத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வை வெட்டித் தைத்தோ செய்யப்படுவது. இதில் இரத்தம் எளிதில் உறைவதில்லை. ஆகவே முதற்சில மாதங்களுக்குப் பின், மாத்திரை இன்றியே பலர் வாழ முடியும். ஆனால் இத்திசு நாளடைவில் சுண்ணாம்பு படிந்து கெட்டுப்போகும். முதியவர் உடலில் மெதுவாகவும், இளையவர் உடலில் விரைவாகவும் கெடும். கெட்டால் மீண்டும் அறுவைதான்.

எது மேல்? இதற்கு அண்மைக் காலத்தில் கிடைத்த பெரிய விடைகளுள் ஒன்று, 2017இல் "நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்" இதழில் வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1996 முதல் 2013 வரை வால்வு மாற்றிக்கொண்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்தனர். மைட்ரல் வால்வு மாற்றிய நாற்பது முதல் நாற்பத்தொன்பது வயதினரில், பதினைந்து ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள், திசு வால்வுக்காரர்களில் நூற்றுக்கு 44 பேர். செயற்கை வால்வுக்காரர்களில் 27 பேர். ஐம்பது முதல் அறுபத்தொன்பது வயதில் இவ்வேறுபாடு 50க்கு 45 எனக் குறைகிறது. எழுபதைத் தாண்டினால் செயற்கை வால்வுக்கு அந்த அனுகூலம் இல்லை. அயோர்ட்டிக் வால்வில் ஐம்பத்தைந்து வயதுக்குமேல் வேறுபாடு காணப்படவில்லை. மறுபுறம், செயற்கை வால்வுக்காரர்களுக்கு இரத்தக்கசிவு மிகுதி. திசு வால்வுக்காரர்களுக்கு மறு அறுவை மிகுதி.

இவ்வெண்களை அப்படியே நம் ஊருக்குப் பெயர்த்துவிடக் கூடாது. இது குலுக்கிப் போட்டுப் பிரித்த சோதனையன்று. நடந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தது. கலிபோர்னியாவில் இரத்தச் சோதனை எளிதில் கிடைக்கும். நம் சகோதரியின் வயதோ முப்பத்து நான்கு. அவ்வாய்வின் வயது வரம்புக்குக் கீழே. ஆயினும் திசு இளையவர் உடலில் விரைந்து கெடும் என்பதால், மாத்திரையை முறையாக உண்ண இயலுமாயின் அவர் வயதில் செயற்கை வால்வே நெடுநாள் நோக்கில் மேல் என்பது பொதுவாக மருத்துவர் கருத்து. அமெரிக்க இருதய மருத்துவ அமைப்புகளின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், அறுபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களின் மைட்ரல் இடத்தில் செயற்கை வால்வை நியாயமான தேர்வு என்கிறது. நோயாளியின் விருப்பத்தைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது.

ஆனால் மாத்திரை? கணவரின் கவலை அர்த்தமற்றதன்று. செயற்கை வால்வின் மீது இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் போன்ற மருந்தை ஆயுள் முழுதும் உண்ண வேண்டும். "அது எலி மருந்தாமே" என்று யாரேனும் பயமுறுத்தக்கூடும். உண்மைதான்; 1948இல் எலிகளைக் கொல்லத்தான் வார்ஃபரின் விற்பனைக்கு வந்தது. 1954 முதல் மனிதர்களுக்கும் மருந்தாகிக் கோடானுகோடிப் பேரைக் காத்து வருகிறது. அளவில்தான் இருக்கிறது விஷமும் மருந்தும். அளவைக் கண்டறிய ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனை உண்டு. மருந்துண்ணாதவருக்கு அது ஒன்றையொட்டி இருக்கும். மைட்ரல் இடத்துச் செயற்கை வால்வுக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் கட்டி, கூடினால் இரத்தக்கசிவு.

துணிக்கடையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவரை நான் மறக்கவில்லை. அவருடைய வால்வு எழுப்பும் மெல்லிய 'டிக் டிக்' ஒலி, அமைதியான வேளைகளில், குறிப்பாக ஸுஜூதில் நெற்றி தரையில் இருக்கும்போது, தமக்கே கேட்கிறது என்று சிரித்தபடி சொல்வார். ஒரு ரமளானில், பெருநாள் வியாபார நெருக்கடியில், மாத்திரை தீர்ந்துபோனதைக் கவனியாமல் மூன்று வாரம் விட்டுவிட்டார். பெருநாளுக்கு மறுநாள் மூச்சுத் திணறலுடன் கொண்டுவந்தனர். காதை வைத்துக் கேட்டேன். டிக் ஒலி இல்லை. இரத்தக்கட்டி தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்து தந்து, அல்லாஹ்வின் அருளால் உயிர் பிழைத்தார். ஆனால் கரைந்த கட்டியின் துணுக்கு மூளைக்குச் சென்றுவிட்டதால் வலக்கை இன்றும் முழு வலிமை பெறவில்லை. வால்வின் ஒலி மங்கினாலோ நின்றாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று சிலர் கேட்கின்றனர். செயற்கை வால்வுக்காரர்களுக்கு டாபிகாட்ரான் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, தீங்கு மிகுந்ததால் இடையிலேயே நிறுத்தப்பட்டு 2013இல் வெளியாயிற்று. அபிக்ஸபான் என்ற மற்றொரு மருந்தைக் கொண்டு நடந்த ஆய்வும் 2022இல் அவ்வாறே நின்றது. ஆகவே செயற்கை வால்வுக்குப் பழைய மாத்திரையே கதி. கணவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைட்ரல் நோயாளிகள் பலருக்கு இருதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகிறது. அப்படியானால் திசு வால்வு வைத்தாலும் மாத்திரையிலிருந்து விடுதலை கிடைக்காது. மனைவியின் இ.சி.ஜி. என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் அனுப்பட்டும்.

இனி மாமியின் கேள்வி. இதனைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று. தன் உடலுக்குள் என்ன வைக்கப்படுகிறது என்று அறிய ஒரு முஸ்லிமுக்கு உரிமையுண்டு. நல்ல மருத்துவர் இதனைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்.

நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஷாபிஈ சட்டநூலான இமாம் நவவீயின் "மின்ஹாஜ்", இதனை ஒத்த ஒரு நிலையை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பேசுகிறது. எலும்பு முறிந்தவர், தூய எலும்பு கிடைக்காத நிலையில், நஜீஸான எலும்பைக் கொண்டு இணைத்துக்கொண்டால் அவர் மன்னிக்கப்பட்டவர். தூயது கிடைத்தும் அவ்வாறு செய்திருந்தால் அகற்ற வேண்டும். ஆனால் அகற்றுவதால் வெளிப்படையான தீங்கு அஞ்சப்படுமாயின் அகற்ற வேண்டியதில்லை. எத்துணை நுட்பமான சட்டம்! அதே காலத்தில் டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நஃபீஸ், வலப்புற இருதயத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று எழுதினார். அவரும் ஷாபிஈ சட்டம் கற்பித்தவர். மருத்துவத்தையும் மார்க்கத்தையும் எதிரெதிராக நிறுத்த அம்முன்னோர்களுக்குத் தோன்றவில்லை.

அச்சட்டத்தை நம் விஷயத்தில் பொருத்திப் பார்த்தால், ஏற்கெனவே பன்றி வால்வு பொருத்தப்பட்டு வாழ்ந்து வருவோர் தொழுகையைப் பற்றி மருள வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. அதனை எடுப்பது உயிருக்கே ஆபத்து. மாற்று வழியில்லாத நிர்ப்பந்தத்தில் அதனை வைத்துக்கொள்ளலாம் என்பதே ஆலிம் பெருமக்களில் பெரும்பாலோர் கருத்து. ஆனால் இனி வைத்துக்கொள்ளவிருப்பவருக்கு நிலை வேறு. செயற்கை வால்வு இருக்கிறது. மாட்டுச் சவ்வு வால்வு இருக்கிறது. "பன்றி வால்வு எங்களுக்கு வேண்டாம்" என்று முன்கூட்டியே சொன்னால், பெரும்பாலும் சிகிச்சைக்கு எக்குறையும் வராது. மாட்டுச் சவ்வு, இஸ்லாமிய முறைப்படி அறுக்கப்பட்ட மாட்டினுடையதா என்று மேலும் கேட்போர் தம் ஊர் ஆலிமை அணுகட்டும். அது என் எல்லைக்கு அப்பாற்பட்டது. செயற்கை வால்வில் இவ்வினாவே எழாது.

ஆனால் ஒன்று. "ஹராமோ ஹலாலோ, எதற்கு வம்பு, ஓதிப் பார்ப்போம், நாட்டு மருந்து சாப்பிடுவோம்" என்று அறுவையையே தள்ளிப்போடுவதை எந்த மத்ஹபும் சொல்லவில்லை. மூன்று தலையணை நான்காகி, பின் உட்கார்ந்தே உறங்கும் நிலை வரும்போது, இருதயத் தசை களைத்துவிட்டிருக்கும். அப்போது எந்த வால்வும் முழுப் பயன் தராது.

சிறிய எழுத்தில் எழுதப்பட்ட கேள்விக்கு வருவோம். உண்மையில் வால்வைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான். செயற்கை வால்வுடன் கருவுறுவது ஆபத்தான பயணம். வார்ஃபரின், முதல் மூன்று மாதங்களில் கருவைச் சிதைக்கலாம். அதனை நிறுத்தி ஊசிக்கு மாறினால், அந்த இடைவெளியில் வால்வில் கட்டி ஏற்படலாம். பல நாடுகளின் கர்ப்பிணி இருதய நோயாளிகளைப் பதிவு செய்த ஆய்வொன்று 2015இல் வெளியாயிற்று. செயற்கை வால்வுடைய 212 கர்ப்பிணிகளில், பெரிய தொல்லை ஏதுமின்றி உயிருடன் குழந்தை பெற்றவர்கள் நூற்றுக்கு 58 பேர்தாம். திசு வால்வுடையவர்களில் 79 பேர்.

ஆகவே சகோதரி, இன்னொரு குழந்தை வேண்டும் என்பது உங்கள் இருவரின் உறுதியான முடிவாக இருந்தால், மாட்டுச் சவ்வு வால்வு பற்றி அறுவை நிபுணரிடம் பேசுங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள், ஒருவேளை அதற்கும் முன்னரே, இரண்டாம் அறுவை வரும் என்பதை அறிந்தே தேர்ந்தெடுங்கள். ஒரு மகள் போதும் என்று மனம் அமைந்தால், செயற்கை வால்வே என் பரிந்துரை. இதனைக் கணவர் தொலைபேசியிலும் மாமி அடுப்படியிலும் தனித்தனியே முடிவு செய்யலாகாது. இயன்றால் கணவர் பத்து நாள் விடுப்பில் வந்து, மூவருமாக மருத்துவர் முன் அமருங்கள். நெஞ்சு உங்களுடையது, கடைசிச் சொல்லும் உங்களுடையதாக இருக்கட்டும்.

நெஞ்சைத் திறவாமல் தொடை வழியே வால்வு வைக்கிறார்களாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2002இல் பிரான்ஸின் ரூவான் நகரில் அலென் கிரிபியே தொடங்கிய அம்முறை, பெரும்பாலும் முதியவர்களின் அயோர்ட்டிக் வால்வுக்கு உரியது. அவர்களிடம் அது அறுவைக்கு இணையாக நிற்கிறது. உங்கள் நிலைக்கு அது பொருந்தாது.

செயற்கை வால்வு வைத்துக்கொண்டால் கவனிக்க வேண்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். ரமளானில் நோன்பு திறந்த பிறகு, தினமும் ஒரே நேரத்தில் உண்ணலாம். நோன்பு வைக்கும் அளவுக்கு உடல் தேறியிருக்கிறதா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். உணவும் உறக்கமும் மாறும் மாதமாதலால், ரமளானுக்கு முன்பும், முதல் வாரத்திலும் ஐ.என்.ஆர். பாருங்கள். கீரையை விலக்க வேண்டாம். ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒன்றுமில்லை என்று உண்ணாமல், சீராக உண்ணுங்கள். கருஞ்சீரக எண்ணெய், பூண்டு மாத்திரை போன்றவற்றை மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஹிஜாமா வேண்டவே வேண்டாம். கீறிய இடத்தில் இரத்தம் நிற்காது. பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடம் வால்வைப் பற்றிச் சொல்லுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடிக்கடி தொண்டை வலி வருவதாக ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே என்னை மிகவும் உறுத்தியது. ஆப்பிரிக்காவின் உகாண்டாவில், வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல், எக்கோ பரிசோதனையில் மட்டும் ருமாட்டிக் வால்வு நோயின் தொடக்கம் தெரிந்த 818 சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு பாதியினருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டனர்; மறுபாதியினருக்குப் போடவில்லை. இரண்டு ஆண்டுகளில் நோய் முற்றியவர்கள், ஊசி போடப்பட்டவர்களில் மூன்று பேர். போடப்படாதவர்களில் முப்பத்து மூன்று பேர். 2022இல் வெளியான ஆய்வு இது. நீங்கள் அறுவைக்கு முந்திய பரிசோதனைகளுக்குச் செல்லும் நாளில் மகளையும் உடன் அழைத்துச் சென்று, அவளுக்கும் ஓர் எக்கோ எடுத்துப் பாருங்கள். அதற்கு வலியில்லை; அரை மணி நேரம் போதும்.